முகமூடி நாயகனுக்கு முகபாவம் வரவைப்பது எப்படி? சிங்கப்பூரில் குறும்படம் எடுக்க வருவோருக்கு ஒரு வழிகாட்டி

குறும்படத்துக்கு ஒரு முகமூடி நாயகனை எழுதுவது சுலபம். எடிட்டிங்கில் உட்காரும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கும். நாயகன் கோபப்படுவது, பயப்படுவது, அம்மாவை நினைத்து உடைந்துபோவது எல்லாம் திரையில் ஒரே மாதிரி தெரியும். முகமூடி தைப்பது எப்படி என்று இணையத்தில் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. தைத்த முகமூடியை நடிக்க வைப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆளில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில், நம் அடுக்குமாடி புளோக் கீழே, கைக்காசைப் போட்டு அதை எப்படிச் செய்வது என்று கேட்டால் சுத்தம். நண்பர்களோடு தேக்கா சந்தைக்கும் நகர மன்றத்துக்கும் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன். நீங்களாவது அலையாமல் இருங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகபாவம் வருமா வராதா என்பது தையற்காரரிடம் துணியைக் கொடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக 2ஆம் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

முகமூடிக்கு மட்டும், உடையைச் சேர்க்காமல், சுமார் 80 முதல் 150 வெள்ளி ஒதுக்குங்கள். சோதனை, தையல், திருத்தம் எல்லாம் சேர்த்து ஆறு வாரம் ஆகும். அனுமதி விண்ணப்பங்கள் அதே நேரத்தில் பக்கத்தில் ஓடட்டும்.

உங்கள் நாயகன் உங்களுடையவனாக இருக்கட்டும். ஏற்கெனவே உலகத்துக்கே தெரிந்த சிலந்தியையோ வௌவாலையோ எடுத்தால் பதிப்புரிமைச் சிக்கல் ஒரு பக்கம், 20 கோடி டாலர் படத்தோடு உங்கள் படத்தை ஒப்பிடும் பார்வையாளர் இன்னொரு பக்கம்.

1. எது தெரியும், எது மறையும் என்று முடிவு செய்யுங்கள்

நடைமுறையில் மூன்று வகைதான். பாதி முகமூடி, முழுத் துணி முகமூடி, கடினமான தலைக்கவசம். ஒவ்வொன்றுக்கும் பெரிய படங்கள் ஒவ்வொரு வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. அவற்றில் நமக்குக் கட்டுப்படியாகும் வழி எது என்று பார்ப்போம்.

பாதி முகமூடிக்குப் பேட்மேன் நல்ல உதாரணம். வாயும் தாடையும் வெளியே இருக்கும். கண்ணைச் சுற்றித் தெரியும் தோலில் கறுப்பு மை பூசியிருப்பார்கள். அதனால் முகமூடி எங்கே முடிகிறது, கண் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துத் தெரியாது. வெள்ளை விழி மட்டும் பளிச்சென்று நிற்கும். ஐந்து வெள்ளி மையில் நடக்கும் வேலை இது. முதல் படம் எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை கண்ணை மூடிக்கொண்டு இதுதான்.

முழுத் துணி என்றால் ஸ்பைடர்மேன். 2002இல் வந்த படத்தில் கண்வில்லை, அதாவது கண்ணை மூடியிருக்கும் வில்லை, அசையவே அசையாது. அதனால்தான் உணர்ச்சி உச்சத்துக்குப் போகும் இடங்களில் முகமூடி கிழிந்திருக்கும், இல்லாவிட்டால் கழன்றிருக்கும். 2016இல் ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ வந்தபோது வில்லைகள் கேமரா ஷட்டர்போல் சுருங்கி விரிந்தன. அதே ஆண்டு வந்த ‘டெட்பூல்’ இன்னும் ஒரு படி மேலே போனது. புருவமும் கண்ணும் கன்னமும் துணிக்கடியில் அசைவதுபோல் வேட்டா டிஜிட்டல் நிறுவனம் கணினியில் சேர்த்தது. இதில் நம்மால் முடிந்த ஒரு சிறு பங்கை 9ஆம் படியில் சொல்கிறேன்.

தலைக்கவசம் என்றால் இரண்டு வழி. 2008இல் வந்த ‘அயர்ன் மேன்’ கேமராவைக் கவசத்துக்குள்ளேயே கொண்டுபோய் நடிகரின் முகத்தை நேராகக் காட்டியது. கறுப்புப் பின்னணி, முகத்தில் நீல வெளிச்சம், முகத்தை ஒட்டிய லென்ஸ் இருந்தால் வீட்டு அறையிலேயே இதை எடுக்கலாம். இன்னொரு வழி ‘வி ஃபார் வென்டெட்டா’ (2005). கடைசிவரை முகமூடி கழறாது, அதில் எதுவும் அசையாது. ஹ்யூகோ வீவிங் குரலாலும் தலைச் சாய்வாலும் முழுப் படத்தையும் தூக்கி நிறுத்தினார். பார்க்கச் சுலபமாகத் தெரியும், செய்வதற்குக் கடினம். மேடைப் பயிற்சி உள்ள நடிகர் கையில் இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள்.

கதையில் அழுகைக் காட்சி இருந்தால் பாதி முகமூடி. அடிதடி மட்டும்தான் என்றால் முழுத் துணி போதும். முகமூடியைக் கழற்றும் காட்சி ஒன்றே ஒன்று இருக்கலாம். மூன்று முறை கழற்றினால் அது முகமூடி இல்லை, தொப்பி.

2. எட்டு மெய்ப்பாட்டுச் சோதனை

பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டுப் பட்டியல், அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சிகளின் பட்டியல், நினைவிருக்கும்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. தேர்வுக்காக மனப்பாடம் செய்ததை இப்போது பயன்படுத்தப் போகிறோம்.

எதையும் தைப்பதற்கு முன், பழைய டி-சட்டையை நடிகரின் தலையில் இறுக்கமாகக் கட்டுங்கள். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புத் தாளை ஒட்டுங்கள். கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி, இடுப்புக்கு மேலே தெரியும்படி வையுங்கள். எட்டு மெய்ப்பாட்டையும் ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி. வரிசையைக் கலைத்துப்போட்டு, சத்தத்தை நிறுத்தி, கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். அக்கா, தங்கை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, யாராக இருந்தாலும் சரி. “இவர் என்ன செய்கிறார்?” என்று மட்டும் கேளுங்கள். எந்தக் குறிப்பும் கொடுக்காதீர்கள்.

பெருமிதத்தை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நெஞ்சை நிமிர்த்தித் தாடையைக் கொஞ்சம் தூக்கினால் வேலை முடிந்தது. நாயக உடையே பாதியைச் செய்துவிடும். அச்சமும் சுலபம். தோள் காதை நோக்கி ஏறும், ஒரு கால் தானாகப் பின்னால் போகும், மூச்சு மேல்நெஞ்சில் படபடக்கும்.

வெகுளியில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கோபம் என்றதும் கையை வீசுவார்கள், தலையை ஆட்டுவார்கள். முகமூடிக்குள் இருந்து பார்த்தால் அது கோபமாகத்தான் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் யாரோ கொசு விரட்டுவதுபோல் தெரியும். தலையை மெதுவாகத் தாழ்த்தி, பார்வையை மட்டும் மேலே வைத்து, இரண்டு விநாடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். அந்த அசையாமைதான் கோபம்.

மருட்கைக்குத் தாமதம் வேண்டும். சத்தம் கேட்டவுடன் திரும்பினால் அது கவனம். சத்தம் கேட்டு, ஒரு கணம் உறைந்து, பிறகு தலை மட்டும் திரும்பி, அதன்பிறகு உடம்பு திரும்பினால் வியப்பு. அழுகையைத் தோளும் மூச்சும் சுமக்கும். கை முகமூடியின் மேல் போய் நிற்பது பழைய உத்திதான், இருந்தாலும் இன்றைக்கும் வேலை செய்கிறது. உவகைக்கும் நகைக்கும் வித்தியாசம் காட்டுவது கடினம். சிரிப்பில் வயிறு குலுங்க வேண்டும், மகிழ்ச்சியில் நடை மாற வேண்டும்.

இளிவரல் அநேகமாகத் தோற்றுவிடும். அருவருப்பு மூக்கிலும் மேலுதட்டிலும் குடியிருக்கிறது, இரண்டும் துணிக்குள்ளே. கதையில் அந்த உணர்வு தேவைப்பட்டால் வசனத்தில் வையுங்கள், அல்லது எதிரே நிற்பவரின் முகத்தில் வையுங்கள்.

எந்தெந்த உணர்வு தோற்றது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கண்வில்லை வடிவம், பாதியா முழுசா என்ற முடிவு, திரைக்கதையில் வெட்ட வேண்டிய இடம் எல்லாமே அந்தத் தாளிலிருந்துதான் வரும்.

நடிகருக்கு உடல்மொழி வரவில்லையா? பரதநாட்டியம் பயின்ற ஒருவரைத் தேடுங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல் தலையசைவை மட்டும் ஒன்பதாகப் பிரித்துக் கற்றுக்கொடுக்கிறது. தலையைத் தாழ்த்துவது, தூக்குவது, பக்கவாட்டில் ஆட்டுவது, திருப்பிக்கொள்வது என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடம். கண்ணும் வாயும் மூடிய நடிகருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் சொல்லித்தரச் சொல்லுங்கள். நல்ல பிரியாணி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

3. கண்வில்லைதான் உங்கள் புருவம்

முழு முகமூடி என்றால் இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். காசும் இங்கேதான் போக வேண்டும்.

வில்லை அசையும் இயந்திரம் செய்ய முயலாதீர்கள். சிறு மோட்டார், பேட்டரி, கம்பி எல்லாவற்றையும் ஈரத் துணிக்குள் திணித்தால் மதியத்துக்குள் ஏதாவது ஒன்று நின்றுவிடும். அதற்குப் பதில் மாற்று வில்லைகள் செய்யுங்கள். மூன்று ஜோடி போதும்: சாதாரணம், சுருங்கியது, விரிந்தது. ஒவ்வொரு வில்லைச் சட்டத்தின் பின்னாலும் சிறிய நியோடிமியம் காந்தம், முகமூடிக்குள் இருக்கும் உள்ளோட்டிலும் (4ஆம் படியில் சொல்கிறேன்) அதே இடத்தில் காந்தம். ஷாட் மாறும்போது ஜோடியையும் மாற்றிவிடலாம், அரை நிமிட வேலை. பார்ப்பவருக்குக் கண் சுருங்கியதாகவே தோன்றும், ஏனென்றால் சுருங்கும் கணத்தை வெட்டு விழுங்கிவிடுகிறது.

காந்தத்தை ஒட்டும் முன் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பேனாவால் குறியிடுங்கள். ஒன்று தலைகீழாக ஒட்டினாலும் அந்தச் சட்டம் குப்பை. எந்த ஷாட்டில் எந்த ஜோடி என்று எழுதிவைக்க ஒருவரை நியமியுங்கள். அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

சட்டத்தை 3 மில்லிமீட்டர் ஈவிஏ ஃபோம் என்ற வளையும் தாளில் வெட்டலாம், அல்லது முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். தேசிய நூலக வாரியத்தின் சில வட்டார நூலகங்களில் மேக்ஐடி என்ற பகுதி இருக்கிறது. அங்கே முப்பரிமாண அச்சுப்பொறியைப் பயன்படுத்தலாம். முதலில் அறிமுக வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டியிருக்கும், முன்பதிவும் வேண்டும். அதனால் முதல் வாரத்திலேயே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

வில்லைக்குக் கண்ணாடி வேண்டாம். பேருந்து ஜன்னலில் விளம்பரம் ஒட்டுகிறார்களே, துளைத்துளையாக இருக்கும் ஒட்டுத்தாள், அதுதான் சரி. வெளியே இருந்து வெள்ளையாகத் தெரியும், உள்ளே இருந்து வெளியே பார்க்க முடியும், மூச்சு படிந்து மங்கவும் மங்காது. சன்ஷைன் பிளாசாவில் அச்சுக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. மிச்சம் விழுந்த துண்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் வில்லை பார்க்க அழகுதான். ஆனால் நெருங்கிய ஷாட்டில் கேமராவும் ஒளிப்பதிவாளரும் விளக்கு பிடிக்கும் தம்பியும் குடும்பப் படம்போல் அதில் தெரிவார்கள்.

வில்லைக்கு மேலே புருவ மேடு ஒன்று வையுங்கள். ஆறேழு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஃபோமைச் செதுக்கி உள்ளோட்டில் ஒட்டினால் போதும், துணி அதன்மேல் படிந்துவிடும். மேலிருந்து வெளிச்சம் விழும்போது இந்த மேடு கண்மேல் நிழல் போடும். தலையைத் தாழ்த்தினால் நிழல் நீண்டு முகம் இறுகும், தூக்கினால் நிழல் ஓடிப்போய் முகம் மலரும். ஜப்பானிய நோ நாடகத்தில் மர முகமூடியை வைத்துக்கொண்டு நூற்றாண்டுகளாகச் செய்வது இதைத்தான். முகமூடியைச் சற்று மேலே சாய்த்தால் மகிழ்ச்சி, சற்றுக் கீழே சாய்த்தால் துக்கம். ஒட்டும் முன் சோதித்துப் பாருங்கள். வீட்டு வாசலில், நடைபாதை விளக்குக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போட்டு, முகமூடியைத் தண்ணீர்ப் போத்தலின்மேல் மாட்டி, கையால் மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். நாற்காலிக்கு எதிரே நிற்பவருக்கு முகம் மாறுவது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மேட்டை இன்னும் இரண்டு மில்லிமீட்டர் உயர்த்துங்கள்.

4. துணி, உள்ளோடு, தையல்

லைக்ரா துணி அரபு ஸ்திரீட்டிலும் பீப்பல்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸிலும் கிடைக்கும். முகமூடிக்கு அரை மீட்டர் போதும், ஒரு மீட்டர் வாங்குங்கள். நான்கு பக்கமும் இழுபடுகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கம் மட்டும் இழுபடும் துணி மூக்கில் சுருங்கும். கறுப்பு வேண்டாம். கறுப்புத் துணி வெளிச்சத்தைக் குடித்துவிடும், நீங்கள் பாடுபட்டுச் செய்த புருவ மேடு திரையில் தெரியாது. கருநீலம், அடர்சிவப்பு, சாம்பல் எல்லாம் நல்லது.

துணியை நேராக முகத்தில் போட்டால் மூக்கு நசுங்கி, கண்குழி மறைந்து, முகம் உருளைக்கிழங்காகிவிடும். உள்ளே முகத்தின் வடிவில் ஓர் ஓடு வேண்டும். ஃபோமில் செய்யலாம், அச்சிலும் எடுக்கலாம். மூக்குக்குக் கீழே வரும் ஓட்டுப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். மூச்சுக்கும் அது தேவை, பேசும்போது தாடை அசைவது துணியில் தெரியவும் தேவை. அந்தச் சின்னத் தாடை அசைவு இல்லையென்றால் யார் பேசுகிறார் என்றே பார்ப்பவருக்குப் புரியாது.

தையலுக்குத் தேக்கா சந்தையின் மேல்மாடிக்குப் போகிறீர்களா? அங்கே ரவிக்கையும் பஞ்சாபி உடையும் தைத்துப் பழகிய கைகள்தான் அதிகம். லைக்ராவை எடுத்து நீட்டினால் சிலர் முகம் சுளிப்பார்கள். சாதாரணத் தையல் போட்டால், இழுக்கும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும். “அண்ணே, ஓவர்லாக் இருக்கா? இழுபடுற தையல் போடுவீங்களா?” என்று முதலில் கேளுங்கள். நடன உடை தைப்பவர்கள் இந்தத் துணியை நன்றாக அறிவார்கள், அவர்கள் கிடைத்தால் விடாதீர்கள். அளவைச் சொல்லாதீர்கள், நடிகரையே கூட்டிக்கொண்டு போங்கள். கூலி 30 முதல் 50 வெள்ளிவரை ஆகலாம். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதம் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு முகமூடி தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நனைந்து காயும்போது இன்னொன்று நடிக்கும்.

5. புழுக்கம்

நம் ஊர் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். முகமூடிக்குள் இருப்பவருக்கு இருபது நிமிடம்தான் கணக்கு, அதற்குமேல் நடிப்பு போய்விடும், தலைச்சுற்றல் வரும். ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் கழற்றி, தண்ணீர் குடிக்கவைத்து, கையடக்க விசிறியைக் கழுத்துப் பக்கம் பிடியுங்கள். பாதி முகமூடி என்றால் கண் மை கரையும். எண்ணெய்ப் பசை உள்ள மையாக வாங்கி, மேலே பவுடர் போட்டு நிறுத்துங்கள்.

6. அனுமதி: யாரிடம், என்ன காகிதம், எப்போது

சிங்கப்பூரில் படமெடுக்க எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே உரிமம் கிடையாது. இடம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரிடம் கேட்க வேண்டும். புளோக் கீழ்த்தளம் என்றால் நகர மன்றம். பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகம். எம்ஆர்டி ரயில் நிலையம் என்றால் அந்தப் பாதையை நடத்தும் நிறுவனம். முகமூடி நாயகர்கள் எல்லாருக்கும் பிடித்த பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் மேல்தளம் பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பொறுப்பு. தடுப்புச் சுவர்மேல் ஏறி நிற்கும் ஷாட்டை இப்போதே திரைக்கதையிலிருந்து நீக்குங்கள். கீழே இருந்து கேமராவைத் தாழ்த்தி எடுத்தால், தரையில் நிற்பவரே வானத்தில் நிற்பார்.

விண்ணப்பத்தோடு இவற்றைத் தயாராக வைத்திருங்கள்: கதைச்சுருக்கம் அரைப் பக்கம், தேதியும் நேரமும், வருவோர் பெயர்ப் பட்டியல், கருவிகளின் பட்டியல், எந்த மூலையில் நிற்பீர்கள் என்று குறித்த வரைபடம், மாணவர் என்றால் கல்வி நிலையத்தின் கடிதம், 18 வயதுக்குக் கீழ் யாராவது நடித்தால் பெற்றோரின் கையொப்பம். சில இடங்களில் பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் வைப்புத்தொகையும் கேட்பார்கள். இவற்றோடு, யாரும் கேட்காவிட்டாலும், முகமூடி போட்ட நடிகரின் படம் ஒன்றையும் இணையுங்கள். முகத்தை மூடிய ஒருவர் இரவில் கீழ்த்தளத்தில் ஓடுகிறார் என்று அலுவலகத்துக்குத் தொலைபேசி வரும்போது, அந்தப் படம் அவர்கள் கையில் இருப்பது உங்களுக்குத்தான் நல்லது.

குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்னால் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் வரவில்லையென்றால் தொலைபேசியில் கேளுங்கள். மின்னஞ்சலை மட்டும் நம்பிக் காத்திருந்தால் காலம் போகும். கிடைத்த அனுமதியை அச்சடித்துப் பையில் வையுங்கள்.

மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் சில. விளையாட்டுத் துப்பாக்கியாக இருந்தாலும் அசல் மாதிரி தெரிந்தால், காவல்துறையிடம் பேசாமல் வெளியே எடுக்காதீர்கள். காவல் சீருடைக்கும் அதே கதைதான். முகமூடியை மாட்டிக்கொண்டு எம்ஆர்டியில் பயணம் வேண்டாம், இடத்துக்கு வந்தபின் மாட்டுங்கள். நடிகரின் அடையாள அட்டை அவர் உடையிலேயே இருக்கட்டும். நாயக உடையில் சட்டைப்பை இருக்காது, தைக்கும்போதே உள்ளே ஒன்று வைக்கச் சொல்லுங்கள். வேலை அனுமதிச்சீட்டில் இருக்கும் நண்பரைச் சம்பளத்துக்கு நடிக்க வைக்காதீர்கள். அவர் தம் முதலாளியிடம் மட்டும்தான் வேலை செய்யலாம், மாட்டினால் பாதிப்பு அவருக்குத்தான்.

ட்ரோன் ஆசை எல்லாருக்கும் உண்டு. 250 கிராமுக்கு மேல் எடை இருந்தால் பதிவு கட்டாயம். விமான நிலையம், விமானப்படைத் தளம் இவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். வரைபடத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள், மிச்சம் இருக்கும் தீவு எவ்வளவு என்று தெரியும்.

7. படப்பிடிப்பு நாள்

நம் ஊரில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஏறக்குறைய மாலை ஏழு மணிக்கு மறையும், மறைந்த வேகத்தில் இருட்டும். பக்கவாட்டு மஞ்சள் வெளிச்சம் வேண்டுமென்றால் ஆறரைக்கே முகமூடி மாட்டித் தயாராக இருக்க வேண்டும். நண்பகல் வெயில் உச்சியிலிருந்து விழும், புருவ மேட்டு நிழல் மூக்குவரை வந்து முகம் கறுத்துப்போகும்.

கீழ்த்தள விளக்கில் எடுத்தால் ஷட்டரை 50இல் ஒரு பங்கு விநாடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதற்குப் பொருந்தாத எண்ணில் வைத்தால் படம் மினுக்கலாம், எடிட்டிங்கில் சரிசெய்வது கடினம்.

சாதாரண நடிகருக்கு நெருங்கிய ஷாட் என்றால் முகம் முழுவதும் நிறைய வேண்டும். முகமூடிக்கு அது எதிரி. தோளும் கையும் சட்டகத்துக்குள் இருக்கட்டும், அவைதான் பேசுகின்றன. மிக நெருக்கமான ஷாட்டை ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். நாயகனுக்குப் பின்னால் சிறிய விளக்கு ஒன்றை வைத்துத் தோளில் வெளிச்சக் கோடு விழச் செய்யுங்கள். மூச்சு வாங்குவது அந்தக் கோடு ஏறி இறங்குவதில்தான் தெரியும்.

ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே நிற்பவரின் முகத்தைத் தாராளமாக எடுத்துவையுங்கள். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது இதுதான், வெட்டக்கூடாததும் இதுதான்.

8. குரல்

முகமூடிக்குள் பேசுவது வாளிக்குள் பேசுவதுபோல் பதிவாகும். அந்த ஒலியைச் சரிசெய்யப் போராடாமல், படப்பிடிப்பு முடிந்தபின் தனியாகக் குரல் கொடுத்துவிடுங்கள். முழு முகமூடியில் உதட்டசைவு தெரியாது, அதனால் வசனத்தையே மாற்றினாலும் யாருக்கும் தெரியாது. முகமூடியால் நமக்குக் கிடைக்கும் ஒரே இலவச வசதி இதுதான். மூச்சு, முனகல், விழுங்கும் சத்தம் எல்லாவற்றையும் தனியாகப் பதியுங்கள். அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பதிந்தால் எதிரொலி இருக்காது.

படப்பிடிப்பில் பேசும்போது நடிகர் தலையைச் சிறிது அசைத்துப் பேசட்டும், ஒவ்வொரு சொல்லுக்கும் அல்ல, வாக்கியத்தின் முக்கியமான சொல்லுக்கு மட்டும்.

9. எடிட்டிங்

நூறு ஆண்டுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். முகமூடிப் படத்துக்கு இதுதான் அடிப்படை. முதலில் நாயகன் பார்ப்பதைக் காட்டுங்கள், பிறகு முகமூடியைக் காட்டுங்கள். முகமூடி ஷாட்டை வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக விடுங்கள், பார்ப்பவர் தம் உணர்வை அதில் ஏற்றிக்கொள்ள அந்த நேரம் வேண்டும்.

கணினியில் புருவம் அசைக்க ஆசையா? ‘டெட்பூல்’ குழு செய்ததன் சிறு வடிவத்தைச் செய்யலாம். நடிகரை முகமூடி இல்லாமல் அதே வசனத்தைப் பேசவைத்துக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பக்கத்தில் ஓடவிட்டு, முகமூடிப் படத்தில் கண்வில்லையின் மேல் விளிம்பை மட்டும் இழுத்து வளையுங்கள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இதற்கான கருவிகள் இருக்கின்றன. முகமூடியில் அதே நிறச் சாயலில் சில சிறு புள்ளிகளை முன்கூட்டியே வைத்திருந்தால் அசைவைப் பின்தொடர்வது எளிது. பத்து விநாடிக் காட்சிக்கு ஒரு முழு வார இறுதி போய்விடும். அதனால் படத்தில் இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம்.

10. திரையிடல்

சமூக மன்றத்திலோ அரங்கிலோ பொதுமக்களுக்குக் காட்டுவதாக இருந்தால் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு வேண்டும். ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என ஆறு பிரிவு. அடிதடி அளவோடு இருந்தால் முதல் மூன்றில் ஒன்று கிடைக்கும். அரங்கை முன்பதிவு செய்வதற்கு முன்பே இந்த விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். தமிழ் வசனத்துக்குத் திரையில் ஓடும் ஆங்கில வசன வரிகளும் தயாராக இருக்கட்டும்.

பின்னணியில் சினிமாப் பாட்டு எதையும் போடாதீர்கள். இசையமைக்கத் தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடித்து, உரிமை உங்களுக்கே என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வரியாக இருந்தாலும் சரி. முகமூடி நாயகன் அசையாமல் நிற்கும் அந்த இரண்டு விநாடிக்கு மட்டும் அவரை இசை போட விடாதீர்கள்.